சேஃப்டி ஆபீசரா, கன்சல்டன்டா, நம்ம ஆளேவா? நடுத்தர பிரஸ் ஷாப்புக்கு எது பொருந்தும்

"எங்க யூனிட்ல 80 பேருங்க. சேஃப்டிக்குன்னு தனியா ஒரு ஆபீசர் போடணுமா, மாசம் ரெண்டு தடவை வர்ற கன்சல்டன்ட் போதுமா, இல்ல நம்ம ஃபோர்மேனையே பாத்துக்கச் சொல்லிடலாமா?"

கோவையில் சின்னதும் நடுத்தரமுமாக இன்ஜினியரிங் யூனிட் நடத்துபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது ஒரு பிரஸ் ஷாப்: பத்துப் பதினைந்து பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் மெஷின்), ஒரு டூல் ரூம் (அச்சும் கருவிகளும் செய்து பழுதுபார்க்கும் இடம்), வெல்டிங், கொஞ்சம் பெயின்டிங், இரண்டு ஷிஃப்ட், 50 முதல் 150 பேர், அதில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஃபவுண்டரி (வார்ப்படப் பட்டறை), சாயப்பட்டறை, பஞ்சாலைக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

நான் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த ஒரு யூனிட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் என் தீர்ப்புகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

அங்கே ஒரு பிரஸ்ஸில் இருகைப் பொத்தான் இருந்தது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் ராம், அதாவது மேலிருந்து இடிக்கும் கட்டை, இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருப்பதால் டைக்குள், அதாவது தகடு வைக்கும் அச்சுக்குள், கை இருக்க வழியில்லை. அதில் இடப்பக்கப் பொத்தானை ஒரு சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் பீஸை எடுத்துவிடலாம், எண்ணிக்கை ஏறும். மாதம் இருமுறை வரும் கன்சல்டன்ட் அதைப் பார்த்து எழுதியிருந்தார்: "இருகைக் கட்டுப்பாடு செயலில் இல்லை, சரிசெய்யவும்." அந்த அறிக்கை ஆபீஸ் பீரோவில் ஃபைலில் இருந்தது. டியூப் பிரஸ்ஸில் இருந்தது. நான் தினமும் ராத்திரி அந்த டியூபைப் பார்த்துக்கொண்டுதான் பிரஸ்ஸைத் தாண்டிப் போனேன். ஒரு நாள் இரண்டாவது ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, 22 வயசுப் பையன் ஒருவனின் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன.

1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று இருந்தது. சுட்டுவிரல் மட்டும் முழுதாகப் போனால் 14. கட்டைவிரலுக்கு 30. அந்த அட்டவணையை நான் முதன்முதலாகப் படித்தது அந்த வாரம்தான்.

கன்சல்டன்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டியூபைக் கட்டிய செட்டருக்கு (டையை மாற்றிப் பொருத்துபவர்) தெரியும். பிரஸ்ஸை நிறுத்துவது யாருடைய வேலை என்பதுதான் யாருக்கும் சொல்லப்படவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி, சாதாரணமாக 1,000 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு அலுவலரை நியமித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்துவிட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள தொழிற்சாலை என்றால் 250. ஃபவுண்டரிக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் வார்ப்படத் தொழில் இருக்கிறது. பிரஸ் ஷாப்போடு சேர்த்து ஒரே வளாகத்தில் ஃபவுண்டரியும் வைத்திருப்பவர்கள் தலைகளை எண்ணும்போது காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆக, 80 பேர் உள்ள யூனிட்டுக்குத் தனி அலுவலர் கட்டாயம் இல்லை. அதனால் கடமையே இல்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பொறுப்பு எப்போதும் ஆக்குபயர் எனப்படும் ஆலைப் பொறுப்பாளர் மேல்தான். கம்பெனியாக இருந்தால் இயக்குநர்களில் ஒருவர் மேல். நீங்கள் யாரை நியமித்தாலும், யாருக்கு ஃபீஸ் கொடுத்தாலும், அந்தப் பொறுப்பைக் கைமாற்ற முடியாது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அப்படியே இருக்கிறது. உங்கள் யூனிட்டுக்கு எந்த விதி எப்படிப் பொருந்தும் என்பதில் சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதி இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பது நல்லது. கேட்கப் போனால் வம்பு வரும் என்று பயப்படுகிறார்கள். கேட்காமல் இருந்து வந்த வம்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

சம்பளம் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வைப்போம்.

முதல் கேள்வி, இவர் மெஷினை நிறுத்த முடியுமா? யாரிடமும் கேட்காமல், அடுத்த நாள் டெலிவரி இருந்தாலும், ஆபத்தான பிரஸ்ஸை ஆஃப் பண்ணிச் சிவப்பு அட்டை மாட்டும் அதிகாரம் இவருக்கு உண்டா? மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்தது, ஆபத்து நடக்கும் நேரத்தில் இவர் இருப்பாரா? டை மாற்றும்போது, ராத்திரி ஷிஃப்டில், ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸில், புது ஆள் சேர்ந்த முதல் வாரத்தில்.

மூன்றாவது, இவருக்கு விஷயம் தெரியுமா? சட்டம் மட்டும் போதாது, மெஷினும் தெரிய வேண்டும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டன் (கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்த் திரை) மாட்டினால், கை குறுக்கே வந்ததும் மெஷின் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸிலும் அது சரி. நம்ம ஊர் ஷாப்புகளில் இன்னும் ஏராளமாக ஓடும் பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் அது பயனில்லை. கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடிந்துதான் ராம் நிற்கும், நடுவில் நிறுத்த வழியே கிடையாது. அந்த மெஷினுக்குக் கை நுழையவே முடியாதபடி டையைச் சுற்றிக் கூண்டு அடிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் சொல்லி லைட் கர்ட்டனுக்குப் பணம் கட்டிய முதலாளிகளை எனக்குத் தெரியும். பணம் போனதைவிடப் பெரிய கேடு, கர்ட்டன் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆபரேட்டர் கையை உள்ளே விடுவது.

நான்காவது, ஆட்கள் இவரிடம் உண்மையைச் சொல்வார்களா? அதுவும் அவர்கள் மொழியில்.

ஐந்தாவது, வெளியே தெரியாத செலவு. கடைசியாகத்தான் மாதச் செலவு.

முதல் வழி: முழுநேர சேஃப்டி ஆபீசர்

நல்ல ஆள் அமைந்தால் இதற்கு ஈடில்லை. தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, ஷாப் ஃப்ளோரில் சில வருஷம் நின்றவர் ஒருவர் தினமும் சுற்றி வந்தால், மூன்றே மாதத்தில் யூனிட்டின் முகமே மாறிவிடும். வெல்டிங் பர்மிட், கிரேன் சங்கிலிப் பரிசோதனை, புது ஆளுக்கு முதல் நாள் பயிற்சி எல்லாம் ஒருவர் தலையில் இருப்பதால் விட்டுப்போகாது. காதுகேளாமை, நுரையீரல் பாதிப்பு போல மெதுவாக வரும் கேடுகளையும் தொடர்ந்து பார்க்க முடிந்தவர் இவர்தான். பிரஸ் ஷாப்பில் கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அளவை மீறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காது போவது விரல் போவது மாதிரி ஒரே நாளில் தெரிவதில்லை. வருஷா வருஷம் காதுப் பரிசோதனை எடுத்து, போன வருஷச் சீட்டோடு ஒப்பிட ஒரு ஆள் வேண்டும்.

பாதுகாப்பு அலுவலர் விதிகளில் மூன்று விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தொழிற்சாலைத் தலைமையின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் பொருந்தாத வேறு வேலையை அவர் மேல் சுமத்தக்கூடாது. விதி எழுதியவர்களுக்கு ஷாப் ஃப்ளோர் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் சின்ன யூனிட்டுகளில் இந்த வழி தோற்பது சரியாக இந்த மூன்று இடங்களில்தான்.

ஆள் சேர்ந்த இரண்டாவது மாதமே கேன்டீன் கான்ட்ராக்ட், பஸ் ரூட், செக்யூரிட்டி, பி.எஃப். பேப்பர் என்று ஒவ்வொன்றாக அவர் மேஜைக்கு வரும். "சும்மாதான இருக்கீங்க" என்று ஆரம்பிக்கும். ஆறாவது மாதம் அவர் ஷாப்புக்குள் வருவது தினம் அரைமணி நேரம். அடுத்து, அவரை புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே போடுவார்கள். தன் மேலதிகாரியின் டார்கெட்டைத் தானே நிறுத்தும் ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்? மூன்றாவது, ராத்திரி ஷிஃப்டில் அவர் இல்லை. ஒருவரைத்தானே நியமித்தீர்கள்.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு சம்பளத்தில் இல்லை. ஆபீசர் வந்ததும் சூப்பர்வைசர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். "அது சேஃப்டிக்காரர் வேலைங்க" என்ற பேச்சு ஷாப்பில் கேட்டால், அதுவரை கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்த பத்துக் கண்களை ஒரு ஜோடிக் கண்ணாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, படித்த நல்ல ஆட்களைப் பெரிய கம்பெனிகள் இழுத்துக்கொள்ளும். ஒருவர் போய் இன்னொருவர் வரும் வரை உள்ள இரண்டு மூன்று மாதம் யூனிட்டில் யாருமே இல்லாத காலம்.

இது யாருக்குச் சரி? 200 பேரைத் தாண்டியவர்களுக்கு. ஃபவுண்டரி, முலாம் பூசும் தொட்டி, பெரிய பெயின்ட் ஷாப் என்று பலவகை ஆபத்து ஒரே வளாகத்தில் உள்ளவர்களுக்கு. கட்டட விரிவாக்கம் நடக்கிற, தினமும் புதுப் புதுக் காண்ட்ராக்டர் உள்ளே வருகிற யூனிட்டுக்கு. 250 அல்லது 500 என்ற சட்ட எல்லையை இரண்டு மூன்று வருஷத்தில் தொடப்போகிறவர்கள் முன்கூட்டியே நியமிப்பதும் புத்திசாலித்தனம்.

இரண்டாவது வழி: வந்து போகும் கன்சல்டன்ட்

முதலில் ஒரு கணக்கு. இரண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் உங்கள் மெஷின்கள் 416 மணி நேரம் ஓடுகின்றன. கன்சல்டன்ட் மாதம் இருமுறை வந்து நாலு நாலு மணி நேரம் இருந்தால் 8 மணி நேரம். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதி 408 மணி நேரம் யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் இந்த வழியை எடுத்தால், நான் மேலே சொன்ன டியூப் கதைதான் உங்கள் யூனிட்டிலும் நடக்கும்.

ஆனாலும் வெளி ஆளின் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு. நமக்குப் பழகிப்போனது அவருக்குப் பளிச்சென்று தெரியும். இருபது ஷாப்பில் பார்த்ததை நம் ஷாப்புக்குக் கொண்டுவருவார். இந்த டைக்கு இப்படிக் கூண்டு அடித்தால் லோடிங் நேரம் கூடாது என்று கையில் வரைந்து காட்டக்கூடிய அனுபவஸ்தர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். சட்டக் காகிதம், பதிவேடு, உரிமப் புதுப்பிப்பு இதிலெல்லாம் அவர் கைதேர்ந்தவர். அதோடு, லிஃப்டை 6 மாதத்துக்கு ஒருமுறையும் கிரேன், ஹாய்ஸ்ட், சங்கிலிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று பெற்ற நபர்தான் சோதித்துச் சான்று தர முடியும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் வெளியாட்கள் துணை கொஞ்சம் வேண்டியே இருக்கும்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். "உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் எதுவும் செய்யவில்லை" என்று விசாரணையில் கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. அறிக்கை வாங்கிப் பீரோவில் வைப்பவர் அறிக்கையே வாங்காதவரைவிடச் சிக்கலான இடத்தில் நிற்கிறார். இன்னொன்று, நகல் அறிக்கை. போன மாத அறிக்கையையும் இந்த மாத அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி மட்டும் மாறியிருந்தால் நீங்கள் கொடுப்பது கையெழுத்துக்கான கூலி.

கன்சல்டன்டை வைப்பதாக முடிவு செய்தால் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள். இரண்டு வருகையில் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் ராத்திரி ஷிஃப்டில் இருக்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் போன தடவை சொன்னவற்றில் எது முடிந்தது, எது முடியவில்லை என்பது மட்டும் வர வேண்டும். "மெஷின்களுக்குக் கார்டு (பாதுகாப்புத் தடுப்பு) தேவை" என்று பொதுவாக எழுதக்கூடாது, பிரஸ் எண், எந்த டை, எந்த இடத்தில் கை நுழைகிறது என்று எழுத வேண்டும். விரல் போகக்கூடிய நிலையைப் பார்த்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் அப்போதே முதலாளிக்கு ஃபோன் போட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் வேண்டாம்.

20, 30 பேர் உள்ள, முதலாளியே காலையிலிருந்து ராத்திரி வரை ஷாப்பில் நிற்கிற யூனிட்டுக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். அங்கே நிறுத்தும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது. அவருக்குக் குறைவது விஷயஞானம் மட்டும், அதைக் கன்சல்டன்ட் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது வழி: நம்ம ஆள் ஒருவரும் ஒரு கமிட்டியும்

செலவு குறைவு என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். சரியாகச் செய்தால் இது செலவு குறைந்ததே இல்லை.

டியூப் எங்கே கட்டியிருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். எந்தப் பெடல் லூஸ், எந்த பிரஸ் சில நேரம் தானாகவே இரண்டாவது அடி அடிக்கும், எந்த செட்டர் ராமுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் டை மாற்றுவார் என்பது எந்த அறிக்கையிலும் வராத செய்தி. மோட்டாரை ஆஃப் செய்த பிறகும் ஃப்ளைவீல், அதாவது ராமை இயக்கும் கனமான சக்கரம், சில நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் தெரியாமல் பெடலில் கால் பட்டால் ராம் இறங்கிவிடும். வீல் முழுசாக நிற்கும் வரை பொறுக்காமல் டைக்குள் கை விடும் பழக்கம் உங்கள் ஷாப்பில் யாருக்கு உண்டு என்பதை டீ நேரத்தில் அவர்களோடு உட்காருபவன்தான் சொல்வான்.

யாரைப் போடுவது? புரொடக்‌ஷன் ஃபோர்மேனைப் போடாதீர்கள். எண்ணிக்கைக்கும் பாதுகாப்புக்கும் ஒரே ஆளைப் பொறுப்பாக்கினால் மாதக் கடைசியில் எண்ணிக்கைதான் ஜெயிக்கும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நானே அந்த நாற்காலியில் இருந்தவன், டியூபைப் பார்த்தும் தாண்டிப் போனவன். மெயின்டனன்ஸ் அல்லது டூல் ரூமில், கை சுத்தமான, வாய் துணிந்த ஆள் ஒருவர் இருப்பார். அவர்தான் சரியான ஆள். மெஷினும் தெரியும், எண்ணிக்கைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு மூன்று விஷயம் கொடுக்க வேண்டும். முதலாளி கையெழுத்திட்ட ஒரு கடிதம், அதில் ஒரே வரி: ஆபத்து என்று தோன்றினால் எந்த மெஷினையும் நிறுத்தலாம், அவரோ அவர் சொல்லும் மாற்று ஆளோ மட்டும்தான் திரும்ப ஓட்டச் சொல்லலாம். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அடுத்தது நேரம், தினம் இரண்டு மணி நேரம் அவர் வழக்கமான வேலையிலிருந்து விடுவிப்பு. மூன்றாவது பயிற்சி. கூடவே அடுத்த ஷிஃப்டுக்கும் ஒரு மாற்று ஆள்.

கமிட்டி என்றால் பெரிய விஷயம் இல்லை. சட்டத்தொகுப்பின்படி கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக்கூடாது. உங்கள் யூனிட்டுக்குக் கமிட்டி கட்டாயமாக இல்லாவிட்டாலும் அந்த விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் போதும். அதில் ஒருவர் காண்ட்ராக்ட் ஆள், ஒருவர் வடக்கே இருந்து வந்தவர் இருக்க வேண்டும். மாதம் ஒரு மணி நேரம், நின்றுகொண்டே பேசுங்கள், ஷாப்புக்குள்ளேயே. குறிப்பு ஒரே தாள்: என்ன பிரச்சினை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். அடுத்த கூட்டம் அந்தத் தாளிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.

மயிரிழையில் தப்பியவற்றை எழுத ஒரு நோட்டு வையுங்கள். பேர் எழுத வேண்டாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் இன்னொருவர் எழுதட்டும். "விபத்தில்லா 100 நாள், எல்லோருக்கும் பரிசு" என்று போர்டு வைக்கும் பழக்கத்தை நான் முழுக்க எதிர்க்கிறேன். பரிசு போய்விடக் கூடாதே என்று வெட்டுக்காயத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலை பார்த்த ஆட்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த போர்டால் விபத்து குறையாது, விபத்துச் செய்தி குறையும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு: தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 52 மணி நேரம், ஒரு நல்ல டூல் ரூம் ஆளின் ஆறரை நாள் வேலை. அதைக் கணக்கில் எழுதாமல், "வேலையோட வேலையா பாத்துக்கப்பா" என்று சொன்னால் ஒரு மாதத்தில் அது நின்றுவிடும். சட்டமும் சத்தம், தூசி அளவீடும் அவருக்குத் தெரியாது, அதற்கு வெளி ஆள் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அவர் நிறுத்திய பிரஸ்ஸை, "இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கலாமுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று முதலாளி ஒரே ஒரு தடவை ஓட்டச் சொன்னால் அந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது. அதற்கப்புறம் அவரும் நிறுத்த மாட்டார், யாரும் அவரிடம் எதையும் சொல்லவும் மாட்டார்கள்.

சர்டிபிகேட் வாங்கிவிட்டால் போதாதா?

ஐ.எஸ்.ஓ. 45001 பற்றியும் கேட்கிறார்கள். 2018-ல் வந்த தரநிலை, பழைய ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001-க்குப் பதிலாக வந்தது. சான்று மூன்று வருஷத்துக்கு, நடுவில் வருஷா வருஷம் தணிக்கை. பெரிய வாகனக் கம்பெனியோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இதை நாலாவது வழி என்று நான் எண்ணுவதில்லை. யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது, பார்ப்பவர் ஏற்கெனவே இருந்தால் அவர் வேலையை ஒழுங்குபடுத்தும். ஆள் இல்லாமல் சான்று மட்டும் வாங்கிய இடங்களில் தணிக்கைக்கு முந்தின வாரம் மட்டும் கார்டுகள் மாட்டப்படும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுநேர ஆபீசர் | கன்சல்டன்ட் | நம்ம ஆள், கமிட்டி |
|---|---|---|---|
| மெஷினை நிறுத்த முடியுமா | தலைமைக்கு நேரடியாகக் கீழே இருந்தால் முடியும் | முடியாது, சொல்ல மட்டும் முடியும் | கடிதம் கொடுத்தால் முடியும் |
| ராத்திரி ஷிஃப்டில் | பெரும்பாலும் இல்லை | ஒப்பந்தத்தில் எழுதினால் எப்போதாவது | மாற்று ஆள் இருந்தால் உண்டு |
| சட்டமும் அளவீடும் | நன்று | மிக நன்று | குறைவு |
| இந்த ஷாப்பின் மெஷின் பற்றிய அறிவு | ஒரு வருஷம் ஆகும் | ஆளைப் பொறுத்தது | மிக நன்று |
| ஆட்கள் மனம் திறப்பது | கொஞ்சம் கொஞ்சமாக | அரிது | உண்டு |
| தெரியாத செலவு | மற்றவர்கள் கைகழுவுவது, ஆள் மாறுவது | படித்துச் செய்யாத அறிக்கை | உற்பத்தி நேரம், முதலாளியின் வாக்கு |

என் தீர்ப்பு

80 பேர், இரண்டு ஷிஃப்ட், பிரஸ் ஷாப் என்றால் மூன்றாவது வழியை அடித்தளமாக வைத்து, இரண்டாவதிலிருந்து தேவையானதை மட்டும் வாங்குங்கள். கன்சல்டன்ட் மாதம் இருமுறை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு நாள் வரட்டும். பகலில் பாதி, ராத்திரி ஷிஃப்டில் பாதி. உங்கள் ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலையில் சேரட்டும். சத்தம், வெல்டிங் புகை, பெயின்ட் ஆவி அளவீட்டை அவர் மூலம் செய்துகொள்ளுங்கள்.

இப்படிச் செய்தால் முழுநேர ஆபீசர் சம்பளத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். அந்தப் பணத்தைக் கையுறைக்கும் போஸ்டருக்கும் செலவழிக்காதீர்கள். நசுக்கும் ராமுக்கு முன்னால் கையுறை ஒன்றும் செய்யாது. முதலில் கை உள்ளே போக வேண்டிய தேவையையே ஒழிக்கப் பாருங்கள்: பீஸைத் தள்ளிவிட ஏர் ஜெட், எடுக்கக் காந்தக் கைப்பிடி, சரிவுத் தட்டு. அப்புறம் கூண்டு. இருகைப் பொத்தான் உள்ள பிரஸ்ஸில் பழைய வயரிங்கை மாற்றி, இரண்டு பொத்தானையும் அரை வினாடிக்குள் சேர்ந்து அமுக்கினால் மட்டும் இயங்கும் ரிலே போடுங்கள். ஒரு பொத்தானைக் கட்டி வைத்தால் அந்த பிரஸ் ஓடவே ஓடாது. அந்தப் பையனின் பிரஸ்ஸில் அது இருந்திருந்தால் டியூப் கட்டியும் பயன் இருந்திருக்காது. விபத்துக்கு அடுத்த வாரம் நாங்கள் மாட்டினோம், வயரிங் உட்பட ஒரு மதியத்தில் முடிந்த வேலை.

120 பேரைத் தாண்டும்போது மறுபடி கணக்குப் போடுங்கள். 200-ஐ நெருங்கினாலோ ஃபவுண்டரி சேர்ந்தாலோ முழுநேர ஆளை எடுங்கள், ஆனால் கமிட்டியையும் அந்தக் கடிதத்தையும் கலைக்காதீர்கள். 30 பேருக்குள் என்றால் நீங்களேதான் அந்த ஆள். கன்சல்டன்டோடு நீங்களே சுற்றி வாருங்கள், மேனேஜரை அனுப்பாதீர்கள்.

எந்த வழியானாலும் காண்ட்ராக்ட் ஆட்கள் முதல் நாளே ஈ.எஸ்.ஐ.-யில் பதிவாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவான தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டு வர முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் அங்கிருந்து கிடைக்கும். பதிவாகாதவருக்கு அடிபட்டால் அவர் குடும்பமும் தவிக்கும், நீங்களும் தவிப்பீர்கள்.

முடிவெடுத்த பிறகு முதல் சுற்று நடையை இந்த வாரமே, இரண்டாவது ஷிஃப்டில், இரவு பத்து மணிக்கு மேல் வையுங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் குனிந்து, இரண்டு பொத்தானையும் கையால் தொட்டுப் பாருங்கள்.